396 சதவீத லாபத்தைப் பேரேட்டில் எழுதிப் பார்த்தபோது

ஈரோட்டில் ஒரு நூல் கடையில் இருபத்தாறு ஆண்டுகளாகக் கணக்கு எழுதுகிறேன். மாலையில் கல்லாவில் நாற்பது ரூபாய் குறைந்தால், அது எங்கே போனது என்று தெரியாமல் வீட்டுக்குக் கிளம்ப மாட்டேன். ஆனால் மகளின் கல்லூரிச் செலவுக்கென்று சேர்த்த 3 லட்சம் ரூபாயைப் பங்குச் சந்தையில் போட்டபோது, அதற்குத் தூண்டிய விளம்பரத்தின் எண்ணை ஒருமுறைகூடக் கூட்டிப் பார்க்கவில்லை. அந்த வருத்தம் இன்றும் எனக்கு இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கடைக்கு நூல் எடுக்க வரும் விசைத்தறி உரிமையாளர் ஒருவர் 2021 பிப்ரவரியில் அந்த முதலீட்டுக் கடிதத்தைக் காட்டினார். ஞாயிற்றுக்கிழமை தோறும் மின்னஞ்சலில் வரும். எந்தப் பங்கை எந்த விலைக்கு வாங்குவது, எந்த விலை வந்தால் விற்பது, எவ்வளவு இறங்கினால் நஷ்டத்தோடு வெளியேறுவது என்று நான்கு பக்கங்களில் இருக்கும். ஆண்டுச் சந்தா 24,000 ரூபாய். முதல் பக்கத்தில் "பதினொரு மாதங்களில் எங்கள் வாசகர்களின் பணம் இரண்டரை மடங்கு" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். கடைசிப் பக்கத்தின் அடியில், கண்ணாடி போட்டும் படிக்க முடியாத எழுத்தில், இது கல்வி நோக்கத்துக்கு மட்டுமே, முதலீட்டு ஆலோசனை அல்ல என்று ஒரு வரி இருந்தது. அதை நான் பார்த்தது ஓராண்டுக்குப் பிறகுதான்.

காட்டியவர் நல்ல மனிதர். தானும் சந்தா கட்டியிருந்தார். "அண்ணா, நான் சொல்ல வேண்டியதே இல்லை, கணக்கே சொல்கிறது பாருங்கள்" என்றார். கணக்கு என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

அந்தப் பதினொரு மாதங்களைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். 2020 மார்ச் 23 அன்று, கொரோனா பயத்தில் சரிந்து, ஐம்பது பெரிய இந்திய நிறுவனப் பங்குகளின் போக்கைக் காட்டும் நிஃப்டி குறியீடு 7,610 புள்ளிகளில் முடிந்தது. 2021 பிப்ரவரி 8 அன்று அது 15,115. எந்தக் கடிதமும் படிக்காமல், நிஃப்டியை அப்படியே பின்பற்றும் ஓர் இண்டெக்ஸ் ஃபண்டில் அன்று பணம் போட்டவருக்கே ஏறக்குறைய இரண்டு மடங்கு கிடைத்திருக்கும். சிறிய நிறுவனங்களின் பங்குகள் அதைவிட வேகமாக ஏறின. அந்தக் கடிதமோ பெரும்பாலும் சிறிய நிறுவனங்களையே பரிந்துரைத்தது. ஆகவே இரண்டரை மடங்கு என்று அவர்கள் சொன்னது பொய்யாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் கணக்கை அவர்கள் தொடங்கிய நாள் எது என்று நான் கேட்டிருக்க வேண்டும். மார்ச் கடைசி வாரத்தில் தொடங்காமல் 2020 ஜனவரி 1 அன்று தொடங்கினால், அன்று நிஃப்டி 12,182. அதே சந்தை, அதே முடிவு நாள், ஆனால் ஏற்றம் 24 சதவீதம்தான். தீபாவளிக்கு முந்தைய மாத விற்பனையை மட்டும் காட்டி ஒருவர் வங்கியில் கடன் கேட்டால், நானே அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்து ஆண்டுக் கணக்கைக் கொண்டுவரச் சொல்வேன்.

2021 ஏப்ரல் 1 முதல் கடிதத்தைப் பின்பற்றத் தொடங்கினேன். 3 லட்சத்தை இருபது சம பாகமாகப் பிரித்து, ஒரு பரிந்துரைக்கு 15,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டேன். கணக்கு எழுதும் பழக்கத்தால் ஒரு நீள நோட்டு வாங்கி, கடிதத்தில் வந்த ஒவ்வொரு பரிந்துரையையும், நான் வாங்கினாலும் வாங்காவிட்டாலும், தேதியோடு எழுதி வந்தேன். கடிதம் சொன்ன விலை ஒரு பத்தி, மறுநாள் சந்தை திறந்தபோது உண்மையில் கிடைத்த விலை இன்னொரு பத்தி, வெளியேறிய விலை மூன்றாவது பத்தி. அந்த நோட்டு இல்லாவிட்டால் நான் இன்றுவரை என் நேரம் சரியில்லை என்றே நினைத்துக்கொண்டிருப்பேன்.

ஓராண்டு முடிந்தது. 2022 ஏப்ரல் முதல் வாரக் கடிதத்தில் ஆண்டறிக்கை வந்தது. "51 பரிந்துரைகளில் 44 வெற்றி. வெற்றி விகிதம் 86 சதவீதம். மொத்த லாபம் 396 சதவீதம்." பங்குகளை வைத்திருக்கும் என் டிமேட் கணக்கையும் அதனோடு சேர்ந்த வங்கிக் கணக்கையும் கூட்டினால் 2,71,400 ரூபாய் இருந்தது. போட்டது 3 லட்சம். சந்தா தனி.

அன்றிரவு நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். என் தவறுதான் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். எங்கோ ஒரு வாரம் நான் விற்க மறந்திருப்பேன், எங்கோ விலையைத் தவறாகப் படித்திருப்பேன் என்று தேடினேன்.

முதல் வரியே உறுத்தியது. கடிதம் 51 என்றது. என் நோட்டில் 63 இருந்தன. விடுபட்ட பன்னிரண்டையும் தேடிப் பிடித்தேன். எல்லாமே விலை இறங்கியவை. வெளியேறச் சொன்ன விலைக்கு வந்தபோது, அடுத்த கடிதத்தில் அவற்றை "நீண்டகால முதலீடு" என்று பெயர் மாற்றி வேறு பக்கத்துக்கு நகர்த்தியிருந்தார்கள். விற்கவில்லை, ஆகவே நஷ்டமில்லை, ஆகவே பட்டியலில் இல்லை. கடையில் வராக்கடனை "வர வேண்டியது" என்ற தலைப்பிலேயே ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கும் முதலாளிகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஐந்தொகை பார்க்க அழகாகத்தான் இருக்கும். 63க்கு 44 என்று போட்டால் வெற்றி விகிதம் 70 சதவீதம்.

எழுபதும் நல்ல விகிதம்தானே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. அந்த 44 வெற்றிகளில் கிடைத்த லாபத்தின் சராசரி 9 சதவீதம். ஏழு தோல்விகளும் விடுபட்ட பன்னிரண்டும் சேர்ந்த பத்தொன்பதில் சராசரி இறக்கம் 22 சதவீதம். லாபம் வந்தால் ஒன்பதில் விற்றுவிடுவது, இறங்கினால் இருபத்திரண்டு வரை பார்த்துக்கொண்டிருப்பது என்ற முறையில், பத்தில் ஏழு முறை ஜெயித்தும் பணம் கரையும். எத்தனை முறை ஜெயித்தார்கள் என்று யாராவது சொன்னால், ஜெயித்தபோது எவ்வளவு, தோற்றபோது எவ்வளவு என்று உடனே கேளுங்கள். அந்த இரண்டு எண்களும் இல்லாமல் வெற்றி விகிதத்துக்குப் பொருளே கிடையாது.

அடுத்தது அந்த 396 சதவீதம். இது எங்கிருந்து வந்தது என்று புரிய எனக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது. 44ஐ ஒன்பதால் பெருக்கினால் 396. அவ்வளவுதான். ஒவ்வொரு பங்கின் லாபச் சதவீதத்தையும் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதிக் கூட்டியிருந்தார்கள். சதவீதத்தை அப்படிக் கூட்டக் கூடாது. 1 லட்சம் வைத்திருப்பவர் அதை இருபதாகப் பிரித்து ஒரு பங்கில் 5,000 ரூபாய் போடுகிறார். அதில் 9 சதவீதம் என்பது 450 ரூபாய். 44 முறை 450 ரூபாய் என்றால் 19,800. லட்சத்துக்கு 19.8 சதவீதம். இது லாபப் பக்கம் மட்டும். நஷ்டப் பக்கத்தையும் அதேபோல் எழுதினேன். பத்தொன்பது முறை, ஒவ்வொன்றிலும் 1,100 ரூபாய் இறக்கம், மொத்தம் 20,900. வரவைவிடப் பற்று 1,100 ரூபாய் கூடுதல். 396 சதவீதம் என்று அச்சிட்ட ஆண்டில், கடிதத்தை வரிக்கு வரி பின்பற்றிய ஒருவருக்கு லட்சத்துக்கு 1,100 ரூபாய் நஷ்டம்.

அதுவும் கடிதம் சொன்ன விலைக்கே வாங்க முடிந்திருந்தால். என் மூன்று பத்திகளில் இரண்டாவது இங்கேதான் உதவியது. கடிதத்தில் இருந்தது வெள்ளிக்கிழமை முடிவு விலை. கடிதம் வந்தது ஞாயிறு. திங்கட்கிழமை காலை 9.15க்குச் சந்தை திறக்கும்போது சந்தாதாரர்கள் எல்லோரும் ஒரே பங்கை வாங்கக் காத்திருப்பார்கள். பெரிய நிறுவனமென்றால் விலை அசையாது. சிறிய நிறுவனமென்றால் திறக்கும்போதே மூன்று, நான்கு சதவீதம் மேலே இருக்கும். 63 பரிந்துரைகளுக்கும் சராசரி பார்த்தால் 1.5 சதவீதம் கூடுதலாகக் கொடுத்திருக்கிறோம். லட்சத்துக்கு இது 4,725 ரூபாய். பங்குப் பரிவர்த்தனை வரி, புரோக்கர் கட்டணம் எல்லாம் சேர்த்து இன்னும் 1,300. ஆக லட்சத்துக்கு ஏழாயிரத்துச் சொச்சம் நஷ்டம். எனக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் போனதற்குக் காரணம், அந்தப் பன்னிரண்டு "நீண்டகால முதலீடு"களில் என் பணம் முடங்கிக் கிடந்ததால் பின்னால் வந்த சில நல்ல பரிந்துரைகளை வாங்கக் கையில் பணம் இல்லை.

சந்தாவைச் சேர்க்காமல் கணக்கை மூடக் கூடாது. 3 லட்சத்துக்கு 24,000 என்பது 8 சதவீதம். முதல் 8 சதவீத லாபம் எனக்கு இல்லை, கடிதக்காரருக்கு. 50 லட்சம் வைத்திருப்பவருக்கு அதே சந்தா அரை சதவீதம்கூட இல்லை. ஒரே கடிதம், ஒரே பரிந்துரை, ஆனால் சிறிய முதலீட்டாளனுக்கு மலை ஏறிய பிறகுதான் நடையே தொடங்குகிறது. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

சந்தாவோடு சேர்த்து 52,600 ரூபாய் போனது. அதே 2021-22 நிதியாண்டில் நிஃப்டி 14,690இலிருந்து 17,464க்குப் போனது. ஏறக்குறைய 19 சதவீதம். இண்டெக்ஸ் ஃபண்டில் போட்டுவிட்டுக் கடை வேலையைப் பார்த்திருந்தால் 3 லட்சம் மூன்றரை லட்சத்தைத் தாண்டியிருக்கும். மகளின் முதலாண்டுக் கட்டணத்துக்கு மனைவியின் வளையல்களை அடகு வைத்தோம். அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

கடிதக்காரருக்கு 63 வரிகளையும் இணைத்து மின்னஞ்சல் அனுப்பினேன். விடுபட்ட பன்னிரண்டும் அடுத்த ஆண்டறிக்கையில் வரும் என்று பதில் வந்தது. 2023 ஏப்ரலில் நண்பரிடம் வாங்கிப் பார்த்தேன். வரவில்லை.

எங்கள் ஊர் மஞ்சள் சந்தையை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. ஏலத்தில் நூற்றுக்கணக்கான குவியல்கள் போகும். ஒரே ஒரு குவியல், நல்ல விரலி, நல்ல நிறம், உச்ச விலைக்குப் போகும். மாலையில் டீக்கடையில் பேசப்படுவது அந்த விலைதான். அதை நம்பி மூட்டை ஏற்றி வரும் விவசாயிக்கு மறுநாள் கிடைப்பது வேறு விலை. உச்ச விலை பொய் இல்லை, ஆனால் அது அவருடைய விலை இல்லை.

எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் நினைக்கவில்லை. நேர்மையானவர்களின் எண்ணும் தவறாக இருக்கலாம் என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் அமெரிக்காவில் நடந்தது. இல்லினாய் மாநிலத்தில் பியர்ட்ஸ்டவுன் என்ற சிற்றூரில், பெரும்பாலும் வயதான பெண்மணிகள் சேர்ந்து ஒரு முதலீட்டுக் குழு நடத்தினார்கள். 1984 முதல் 1993 வரை ஆண்டுக்கு 23.4 சதவீதம் ஈட்டினோம் என்றார்கள். நாடு முழுவதும் அவர்கள் புகழ் பரவியது. 1998இல் ஒரு சிகாகோ பத்திரிகை அந்த எண்ணைக் கேள்விக்குள்ளாக்கியது. உறுப்பினர்கள் அவ்வப்போது கட்டிய சந்தாப் பணமும் லாபமாகக் கணக்கில் ஏறியிருந்தது. ஒரு தணிக்கை நிறுவனம் முறையாகப் போட்டபோது உண்மை 9.1 சதவீதம் என்று வந்தது. அதே காலத்தில் அமெரிக்கச் சந்தையின் எஸ் அண்ட் பி 500 குறியீடு ஆண்டுக்கு 14.9 சதவீதம் தந்திருந்தது. அந்தப் பெண்மணிகள் யாரையும் ஏமாற்ற நினைத்ததாகத் தெரியவில்லை. முதலாளி வீட்டிலிருந்து கொண்டுவந்து கல்லாவில் வைத்த பணத்தைப் புதுக் கணக்குப்பிள்ளை விற்பனை என்று எழுதிவிடுவது போன்ற பிழை அது. நானே என் முதல் ஆண்டில் செய்திருக்கிறேன். ஆரம்ப இருப்பு, இடையில் போட்டது, இடையில் எடுத்தது, முடிவு இருப்பு ஆகிய நான்கும் தனித்தனியாக இல்லாத லாபக் கணக்கை நான் இப்போது படிப்பதே இல்லை.

சந்தா கட்டும் முன் எனக்கு ஆறு வாரம் இலவசமாக ஒரு கணிப்பு வந்தது. அடுத்த வாரம் சந்தை ஏறுமா, இறங்குமா என்று ஒரே வரி. ஆறும் பலித்தன. அப்போது எனக்குச் சிலிர்த்தது. பிற்பாடு உட்கார்ந்து யோசித்தேன். 6,400 பேரின் முகவரி ஒருவரிடம் இருந்தால், பாதிப் பேருக்கு ஏறும் என்றும் பாதிப் பேருக்கு இறங்கும் என்றும் அனுப்பலாம். பலித்த 3,200 பேரை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடியும் பாதி பாதி. ஆறு வாரத்தில் நூறு பேர் மிஞ்சுவார்கள். அந்த நூறு பேரும் ஆறு முறை தொடர்ந்து பலித்ததைத் தங்கள் கண்ணால் பார்த்தவர்கள். எனக்கு அப்படி நடந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த நூறு பேரில் ஒருவனாக நான் இருந்திருந்தால், என் கையில் இருந்த சான்று அதே ஆறு கடிதங்களாகத்தான் இருந்திருக்கும். வித்தியாசம் கண்டுபிடிக்க வழியில்லாத சான்றை நம்பிப் பணம் கட்டினேன்.

2024 தீபாவளிக்கு அக்கா மகன் கோவையிலிருந்து வந்திருந்தான். மென்பொருள் நிறுவனத்தில் வேலை. சாப்பிட்டு முடித்ததும் அலைபேசியை நீட்டி, "மாமா, இதைப் பாருங்கள்" என்றான். டெலிகிராமில் ஒரு சேனல். பங்கு அல்ல, ஆப்ஷன் வணிகம், அதாவது குறித்த தேதிக்குள் விலை ஏறுமா இறங்குமா என்று கிட்டத்தட்டப் பந்தயம் போல வாங்கி விற்பது. ஒரே நாளில் 4,80,000 ரூபாய் லாபம் என்று பச்சை நிறத்தில் ஒரு ஸ்கிரீன்ஷாட். மாதம் 6,000 ரூபாய் கட்டணம், ஒரு தனிநபரின் யுபிஐ கணக்குக்கு. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. திட்டினால் அவன் மறைத்துக்கொண்டு செய்வான் என்று தெரியும். அதனால் திட்டவில்லை.

அந்த ஆண்டு செப்டம்பரில்தான் பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி ஓர் ஆய்வை வெளியிட்டிருந்தது. 2021-22 முதல் 2023-24 வரை மூன்று ஆண்டுகளில், பங்கு சார்ந்த ஃபியூச்சர்ஸ் என்னும் முன்பேர ஒப்பந்தங்களிலும் ஆப்ஷன்ஸிலும் வணிகம் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய். செலவு போக 1 லட்சத்துக்கு மேல் லாபம் பார்த்தவர்கள் நூற்றுக்கு ஒருவர். ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் இறங்கிய களம் அது. நூற்றுக்கு ஒருவர் என்றாலும் லட்சம் பேருக்கு மேல் வருவார்கள். அவர்களில் யாராவது ஒருவர் தினமும் ஏதோ ஒரு பச்சை நிற ஸ்கிரீன்ஷாட்டைப் போட முடியும். அவனுக்கு இதைச் சொன்னேன். "அந்த ஒருவர் இவராக இருக்கலாமே, மாமா" என்றான். நியாயமான கேள்வி.

"இருக்கலாம், கண்ணு. அப்படியென்றால் நிரூபிப்பது அவருக்கு எளிது" என்றேன். ஸ்கிரீன்ஷாட் ஓர் ஆதாரமே இல்லை. ஒருவரே இரண்டு கணக்கு வைத்து ஒன்றில் ஏறும் என்றும் மற்றொன்றில் இறங்கும் என்றும் வாங்கிவிட்டு, பச்சையான கணக்கை மட்டும் படமெடுக்கலாம். வாங்கியது, விற்றது எல்லாவற்றையும் பட்டியலிட்டுப் புரோக்கர் நாள்தோறும் அனுப்பும் கான்ட்ராக்ட் நோட் இருக்கும். அவற்றை ஓராண்டுக்கு முழுமையாகக் காட்டட்டும். ஆப்ஷன் லாபம் வருமான வரிச் சட்டத்தில் தொழில் வருமானம். ஒரே நாளில் நாலே முக்கால் லட்சம் சம்பாதிப்பவர் அதைக் காட்டி வரி கட்டிய கணக்கு வைத்திருப்பார். செபியில் பதிவு பெற்ற ஆய்வாளராக இருந்தால் பதிவு எண் இருக்கும். செபியின் இணையதளப் பட்டியலில் அந்தப் பெயரும் எண்ணும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். பதிவு இருந்தால் பரிந்துரை பலிக்கும் என்று பொருளில்லை. ஆனால் பதிவு பெற்றவர் நிச்சய லாபம் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது என்பது விதி. தவறு செய்தால் அவர் மேல் புகார் கொடுக்க செபியின் ஸ்கோர்ஸ் தளம் இருக்கிறது. பெயரில்லாத சேனல்காரர் மேல் எங்கே போய்ப் புகார் கொடுப்பான்?

அவன் அந்த சேனலில் இவற்றைக் கேட்டு ஒரு செய்தி அனுப்பினான். பத்து நிமிடத்தில் அவனைக் குழுவிலிருந்து நீக்கிவிடுவார்கள் என்று நினைத்தேன். அப்படி நடக்கவில்லை. "நம்பிக்கை இருந்தால் மட்டும் இருங்கள், சகோ" என்று மரியாதையாகவே பதில் வந்தது. அந்தப் பதில் அவனை இன்னும் நம்ப வைத்தது.

வாதாடுவதை விட்டுவிட்டு என் நீள நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தேன். 2021இல் நான் எழுதிய மூன்று பத்திகளைக் காட்டினேன். "இதேபோல் ஒரு மாதம் எழுது, காசு போடாமல். அவர்கள் அனுப்பும் எல்லாவற்றையும், அனுப்பிய நிமிடத்தையும் சேர்த்து எழுது. பிறகு உன் விருப்பம்" என்றேன். அவனுடைய அம்மா அருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். எதுவும் பேசவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு இரவு பத்தரை மணிக்கு அழைத்தான். நான் சொல்லிக் கொடுக்காத ஒன்றை அவனே கண்டுபிடித்திருந்தான். டெலிகிராம் சேனலில் ஒவ்வொரு பதிவின் இணைப்பிலும் ஒரு வரிசை எண் இருக்கிறது. பதிவை அழித்தால் அந்த எண் திரும்ப வராது. பல படங்கள் சேர்ந்த பதிவு சில எண்களை எடுத்துக்கொள்ளும் என்பதால் அங்கங்கே ஒன்றிரண்டு விடுபட்டால் பொருட்டில்லை. ஆனால் அந்த மூன்று வாரத்தில் வந்த 180 எண்களில் 67 காணவில்லை. அவற்றில் 41, அவன் நோட்டில் நேரத்தோடு எழுதி வைத்திருந்த பரிந்துரைகள். நாற்பத்தொன்றும் நஷ்டத்தில் முடிந்தவை.

"எழுதியிராவிட்டால் அவை வந்ததே எனக்கு நினைவிருந்திருக்காது, மாமா" என்றான்.

நான் எதிர்பார்த்திராத ஒன்றை அதன் பிறகு சொன்னான். தீபாவளிக்கு முன்பே ஒன்றரை லட்சம் போட்டிருந்தான். கணக்கில் மீதி 62,000 இருந்தது. மறுநாள் காலை அதை வங்கிக்கு மாற்றிவிட்டு, அம்மாவிடம் தானே சொல்லப் போவதாகச் சொன்னான். நான் கூட வரட்டுமா என்று கேட்டேன். வாருங்கள் என்றான்.